எடை எங்கே போச்சு? ஒரு பைப் அரிசியிலிருந்து 30 மீட்டர் சைலோ வரை

[இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே இருக்கிறது.]

இன்னைக்கு எபிசோட் எங்க வீட்டு கிச்சன்ல ஆரம்பிக்குது.

போன மாசம் ஒரு சனிக்கிழமை, வீட்டுல பிளம்பிங் வேலை முடிஞ்சு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு பிவிசி பைப் மிச்சம் இருந்துச்சு. ரெண்டரை இன்ச் பைப். அதை நேரா நிறுத்தி ஷெல்ஃபோட சேர்த்து இறுக்கிக் கட்டினேன். அடியில கிச்சன் தராசு. பைப்போட கீழ் விளிம்பு தராசைத் தொடக் கூடாது, ஆனா அரிசி வெளியே நழுவுற அளவுக்கு இடைவெளியும் இருக்கக் கூடாது. அப்படி செட் பண்ணிட்டு, மேலிருந்து டம்ளர் டம்ளரா அரிசி கொட்ட ஆரம்பிச்சேன். என் ரூம்மேட் தராசைப் பார்த்து நம்பர் சொல்லிக்கிட்டே இருந்தான்.

முதல் டம்ளருக்கு நம்பர் நல்லா ஏறுச்சு. ரெண்டாவதுக்கு கொஞ்சம் கம்மியா. நாலு அஞ்சு டம்ளருக்கு அப்புறம், நான் கொட்டிக்கிட்டே இருக்கேன், அவன் அதே நம்பரைத் திரும்பத் திரும்பச் சொல்றான். "டேய், தராசு ஹேங் ஆயிடுச்சுடா"ன்னான். பைப் நிரம்பினப்போ உள்ள சுமார் ரெண்டரை கிலோ அரிசி இருந்துச்சு. தராசு காட்டினது கால் கிலோவை ஒட்டித்தான்.

தராசு ஹேங் ஆகல. அரிசியும் எங்கேயும் போகல. அப்போ மீதி எடை எங்கே போச்சு?

இந்த ஒரு கேள்விக்குப் பின்னாடி இருநூறு வருஷத்துக்கும் மேலான கதை இருக்கு. மார்ட்டினிக் தீவுல காய்ச்சலோட கோட்டை கட்டின ஒரு மிலிட்டரி இன்ஜினியர், ஆந்த்ரமீடாவைப் படம் பிடிச்ச ஒரு கட்டட கான்ட்ராக்டர், இடிஞ்சு விழும்னு ஊரே வேடிக்கை பார்க்கக் கூடின ஒரு கான்கிரீட் குழாய், எல்லாம் இதுல வரும். கடைசியில, இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாம இன்னைக்கும் ஆட்கள் சாகுற ஒரு இடத்துக்கும் போவோம்.

தண்ணீர் மாதிரி இல்லை

முதல்ல தண்ணீரைப் பத்திப் பேசிடலாம். ஒரு குழாயில தண்ணீர் ஊத்தினா, அடியில அழுத்தம் ஆழத்தோட நேர்விகிதத்துல கூடும். பத்து மீட்டருக்கு ஒரு அழுத்தம், இருபது மீட்டருக்கு அதைப்போல ரெண்டு மடங்கு. குழாய் ஒல்லியா குண்டா என்பது விஷயமே இல்லை. இது பதினேழாம் நூற்றாண்டிலேயே தெளிவாயிடுச்சு.

மணலும் தானியமும் பார்க்க தண்ணீர் மாதிரிதான் இருக்கும். கொட்டலாம், பாத்திரத்தோட வடிவத்துக்கு வரும், ஓட்டை போட்டா ஒழுகும். அதனால ரொம்ப காலம் இதையும் ஒரு கெட்டியான தண்ணீர்னு நினைச்சுக் கணக்குப் போடுற பழக்கம் இருந்துச்சு. ஆனா ஒரு முக்கியமான வித்தியாசம். தண்ணீரைக் குவியலா வைக்க முடியாது. மணலை வைக்கலாம். குவியல் நிற்குதுன்னா, துகளுக்கும் துகளுக்கும் நடுவுல பக்கவாட்டுல இழுத்துப் பிடிக்கிற ஏதோ ஒண்ணு இருக்கு. அதுதான் உராய்வு.

இதைச் சீரியஸா கணக்குல எடுத்தவர்களில் முக்கியமானவர் சார்ல் அகஸ்டின் கூலோம். ஆமா, மின்னூட்டத்தோட அலகுக்கு நாம பேர் வச்சிருக்கோமே, அதே கூலோம். மின்சாரத்துக்கு வர்றதுக்கு முன்னாடி அவர் பிரெஞ்சு ராணுவத்துல இன்ஜினியர். 1764-ல் கரீபியன் கடல்ல இருக்கிற மார்ட்டினிக் தீவுக்கு அனுப்பினாங்க. அங்கே ஃபோர்ட் பூர்போன் என்ற கோட்டையைக் கட்டுற வேலை. எட்டு வருஷம் இருந்தார், உடம்பு பலமுறை படுத்துச்சு.

கோட்டைன்னா பெரிய பெரிய மண் மேடு. மண்ணைச் சரியாம பிடிச்சு நிறுத்த தடுப்புச் சுவர் வேணும். சுவர் எவ்வளவு தடிமனா இருக்கணும்? கம்மியா கட்டினா விழும். அதிகமா கட்டினா அரசுப் பணம் வீண். 1773-ல் பாரிஸ் அகாதெமியில வாசிச்ச கட்டுரையில கூலோம் ஒரு ஐடியா சொன்னார். சுவருக்குப் பின்னாடி இருக்கிற மண் மொத்தமும் தள்ளல. ஆப்பு வடிவத்துல ஒரு பகுதி, ஒரு சாய்வான தளத்துல வழுக்கப் பார்க்குது. அந்தத் தளத்துல உராய்வு எவ்வளவு தாங்கும்னு பாரு, மீதிதான் சுவருக்கு வர்ற தள்ளு. 1776-ல் அது அச்சாச்சு. இன்னைக்கும் சிவில் படிக்கிற பசங்க இதைப் படிச்சுட்டுத்தான் பாஸ் ஆகுறாங்க.

அடுத்து ஒரு முட்டை வருது. 1829-ல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹூபர்-பர்னான் என்பவர் மணல் ஒழுகுறதைப் பத்திப் பரிசோதனை பண்ணிக்கிட்டிருந்தார். ஒரு பெட்டிக்கு அடியில முட்டையை வச்சு, மேல சில அங்குலம் துகள்களால மூடி, அதுக்கு மேல கனமான இரும்பை வச்சார். முட்டை உடையல. மேல இருந்த பாரம் நேரா முட்டை மேல இறங்காம, சுத்தி வளைச்சு வேற எங்கேயோ போயிடுச்சு.

1852-ல் பெர்லின்ல கோட்ஹில்ஃப் ஹாகன் இதைக் கணக்கா மாத்தப் பார்த்தார். குழாய்ல திரவம் ஓடுறதுக்கு ஹாகன்-பாய்ஸே விதின்னு படிச்சிருப்போம், அந்த ஹாகன்தான். மணல் நிரப்பின குழாய்ல அடி அழுத்தம் ஒரு எல்லைக்கு மேல கூடாதுன்னு அவர் அப்பவே சொன்னார். அது மட்டுமில்ல, அடியில ஓட்டை போட்டா மணல் ஒழுகுற வேகம் மேல எவ்வளவு மணல் இருக்குங்கிறதைச் சார்ந்தது இல்லைன்னும் கவனிச்சார். மணல் கடிகாரம் வேலை செய்றதே இந்தக் குணத்தாலதான். தண்ணீர் கடிகாரம்னா நிறைய இருக்கும்போது வேகமா ஒழுகும், குறையக் குறைய மெதுவாகும். மணல் சீரா விழும்.

ஆனா இதெல்லாம் அப்போ யாருக்கும் அவசரமில்லை. அவசரம் கோதுமையோட வந்துச்சு.

உயரமான தானியக் கட்டடங்கள்

1842. அமெரிக்காவுல ஏரி ஏரியோட கரையில இருக்கிற பஃபலோ நகரம். மேற்கே விளையுற கோதுமை கப்பல் கப்பலா வருது. அதை மூட்டையிலயும் கூடையிலயும் தோள்ல சுமந்து இறக்குறாங்க. மழை பெஞ்சா வேலை நின்னுடும். ஜோசப் டார்ட் என்ற வியாபாரி, ராபர்ட் டன்பர் என்ற இன்ஜினியரோட சேர்ந்து, நீராவியில ஓடுற ஒரு பெல்ட்ல வாளி வாளியா மாட்டி, கப்பல்ல இருந்து தானியத்தை நேரா மேல தூக்கி உயரமான அறைகள்ல கொட்டுற அமைப்பைக் கட்டினார். அதுதான் நீராவியில ஓடின முதல் கிரெயின் எலிவேட்டர்.

தானியத்தை மேல தூக்க முடியும்னு ஆனதும் கட்டடமும் உயர ஆரம்பிச்சுது. மூட்டையா இருந்தவரை ஒவ்வொரு மூட்டையும் தன்னைத் தானே பிடிச்சுக்கும். மூட்டையை அவிழ்த்து உயரமான ஒரே அறையில கொட்டினா, சுவர் என்ன தாங்கும், தரை என்ன தாங்கும்? தண்ணீர் கணக்குப் போட்டு கட்டினா செலவு எகிறும். கணக்கே இல்லாம கட்டினா சுவர் பிளக்கும்.

இதைச் சோதிச்சுப் பார்த்தவர்களில் ஒருத்தர் ஐசக் ராபர்ட்ஸ். லிவர்பூல்ல கட்டட கான்ட்ராக்டர். 1880-களின் தொடக்கத்துல கோதுமை நிரப்பின அறைகள்ல அடி அழுத்தத்தை அளந்தார். தானியத்தோட உயரம் அறை அகலத்தைப் போல ஏறத்தாழ ரெண்டு மடங்கு ஆனதுக்கு அப்புறம், மேல எவ்வளவு கொட்டினாலும் அடி அழுத்தம் கூடலைன்னு கண்டுபிடிச்சார். இதே ராபர்ட்ஸ்தான் 1888-ல் ஆந்த்ரமீடா நெபுலாவைப் படம் பிடிச்சு, அதோட சுருள் வடிவத்தை உலகத்துக்குக் காட்டினவர். பகல்ல கோதுமை, ராத்திரியில நட்சத்திரம். சைட் புராஜெக்ட்னா இப்படி இருக்கணும்.

அப்புறம் 1895. ஜெர்மனியில பிரெமென் நகரத்து இன்ஜினியர் ஹெச். ஏ. யான்சன். அவர் பண்ணது கிட்டத்தட்ட நான் கிச்சன்ல பண்ணதுதான். சரி, நான் பண்ணது அவரோடதுதான். மரத்துல சதுரக் குழாய்கள் செஞ்சார். 20 சென்டிமீட்டர்ல இருந்து 60 சென்டிமீட்டர் அகலம் வரைக்கும். சுவர்களைத் தனியா தாங்கி நிறுத்திட்டு, அடித்தட்டை மட்டும் தராசு மேல வச்சார். தானியத்தைக் கொட்டி, அடிக்கு எவ்வளவு வருதுன்னு குறிச்சுக்கிட்டே போனார்.

அவர் கட்டுரை அஞ்சு பக்கம்தான். அதுல ஒரு எளிமையான வாதம் இருக்கு. குழாய்க்குள்ள ஒரு மெல்லிய அடை அளவு தானியத்தை மட்டும் யோசிங்க. மேலிருந்து பாரம் அமுக்குது. அமுக்கும்போது தானியம் பக்கவாட்டுல விரியப் பார்க்கும், சுவரைத் தள்ளும். மேலிருந்து வர்ற அழுத்தத்துல ஒரு குறிப்பிட்ட பங்கு பக்கவாட்டுக்குத் திரும்புதுன்னு வச்சுக்குங்க. சுவரைத் தள்ளினா அங்கே உராய்வு வரும். அந்த உராய்வு தானியத்தை மேல்நோக்கிப் பிடிச்சுக்கும். ஆக ஒவ்வொரு அடையும் தன் பாரத்துல கொஞ்சத்தைச் சுவருக்குக் கொடுத்துட்டு, மீதியைத்தான் கீழ இருக்கிற அடைக்குக் கொடுக்குது.

கீழே போகப் போக என்ன ஆகும்? அழுத்தம் கூடக் கூட சுவர் உராய்வும் கூடும். ஒரு ஆழத்துல, ஒரு அடையோட சொந்த எடை முழுசையும் சுவரே பிடிச்சுக்கும். அதுக்குக் கீழ அழுத்தம் ஏறவே ஏறாது.

நம்பர் போட்டுப் பார்ப்போம். 6 மீட்டர் விட்டம், 30 மீட்டர் உயரம் இருக்கிற ஒரு சைலோ. உள்ள கோதுமை, கன மீட்டருக்கு சுமார் 800 கிலோ. மொத்தம் கிட்டத்தட்ட 680 டன். சுவர் உராய்வு 0.4, பக்கவாட்டுப் பங்கு 0.5-ன்னு எடுத்துக்கலாம். 10 மீட்டர் நிரப்பினா தரையில வர்ற அழுத்தம் 5.5 மீட்டர் கோதுமைக்குச் சமம். 20 மீட்டர் நிரப்பினா 7 மீட்டருக்குச் சமம். 30 மீட்டருக்கு 7.4 மீட்டர்தான். கடைசிப் பத்து மீட்டர், அதாவது 220 டன்னுக்கு மேல கொட்டியிருக்கோம். தரைக்கு அதுல பத்து டன் கூட வரல.

மொத்த எடையில கால் பங்குதான் தரையில. முக்கால் பங்கு, 500 டன்னுக்கு மேல, சுவர்ல தொங்குது.

என் தராசுக் கேள்விக்கு இதுதான் முதல் பதில். எடை பைப்புக்குப் போச்சு. பைப்பைக் கட்டியிருந்த கயிறு அதைத் தாங்குச்சு. நான் தராசை மட்டும் பார்த்துக்கிட்டிருந்தேன்.

அந்த அஞ்சு பக்கத்துக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பு 2006-ல்தான் வந்துச்சு. 111 வருஷம் கழிச்சு. அதுவரைக்கும் உலகம் பூரா சைலோ கட்டினவங்க யான்சன் ஃபார்முலாவைப் போட்டுக்கிட்டே இருந்தாங்க. டாக்குமென்டேஷன் படிக்காம லைப்ரரி யூஸ் பண்ற பழக்கம் நமக்கு மட்டும் இல்லை.

ஊர் கூடி வேடிக்கை பார்த்த குழாய்

ஃபார்முலா சைலோ நிரப்பி சும்மா நிற்கும்போது என்ன ஆகும்னு சொல்லுது. காலி பண்ணும்போது?

1899. அமெரிக்காவுல மினியாபொலிஸ் பக்கம் ஃப்ராங்க் பீவி என்ற தானிய வியாபாரி. அப்போ எலிவேட்டர்கள் பெரும்பாலும் மரம். மரமும் தானியத் தூசியும் சேர்ந்தா தீ. அடிக்கடி எரிஞ்சு போச்சு. அதனால கான்கிரீட்ல வட்டமா ஒண்ணு கட்டிப் பார்ப்போம்னு சார்ல்ஸ் ஹாக்லின் என்ற கட்டடக்காரரைப் பிடிச்சார். உள் விட்டம் சுமார் 6 மீட்டர், நாம கணக்குப் போட்ட அதே அகலம். ஊர்ல அதுக்கு வச்ச பேரு "பீவியின் முட்டாள்தனம்".

அந்த வருஷம் இலையுதிர் காலத்துல தானியத்தை நிரப்பி, குளிர்காலம் முழுக்க அப்படியே விட்டாங்க. 1900 மே மாசம் காலி பண்ணும் நாள். தானியம் வெளியே ஓட ஆரம்பிச்சதும் இடிஞ்சு விழும்னு எதிர்பார்த்து, தூரத்துல பத்திரமா நின்னு வேடிக்கை பார்க்க கூட்டம் கூடிடுச்சு. தானியம் ஓடுச்சு. ஒண்ணும் ஆகல. கூட்டம் கலைஞ்சு போச்சு. அந்தக் குழாய் அதுக்கப்புறம் இன்னும் உயர்த்திக் கட்டப்பட்டு, கிட்டத்தட்ட 38 மீட்டர் உயரத்துல இன்னைக்கும் நிற்குது.

கூட்டம் தோத்துப் போச்சு, ஆனா அவங்க பயத்துல ஒரு உண்மை இருந்துச்சு. இருபதாம் நூற்றாண்டுல அளந்து பார்த்தப்போ, காலி பண்ணும்போது சுவர் மேல வர்ற பக்கவாட்டு அழுத்தம், நிரப்பி வச்சிருக்கும்போது இருக்கிறதைவிட அதிகமாகலாம்னு தெரிய வந்துச்சு. காரணம் இதுதான். நிரப்பும்போது தானியம் மேலிருந்து கீழ அமுங்கி செட் ஆகுது. கீழே திறந்ததும் மொத்தமும் நகர ஆரம்பிச்சு, குறுகுற வாய்ப் பக்கம் நெருக்கியடிச்சு வருது. நெருக்கம் பக்கவாட்டுல திரும்புது. அதுலயும் ஓரமா ஓட்டை போட்டு ஒரு பக்கமா காலி பண்ணா, சுவர் ஒரு பக்கம் அதிகமாவும் இன்னொரு பக்கம் கம்மியாவும் தள்ளப்படும். மெல்லிய ஸ்டீல் சைலோவுக்கு இது ரொம்ப ஆபத்து. அந்த 500 டன்னைத் தொங்க வச்சிருக்கிற தகடு நெளிஞ்சா, கட்டடமே மடங்கிடும்.

1960-களில் யூட்டா பல்கலைக்கழகத்துல ஆண்ட்ரூ யெனிகே, துகள்கள் சைலோவுக்குள்ள எப்படி ஓடும், எப்போ அடைக்கும் என்பதை முறைப்படி எழுதினார். எல்லாம் சேர்ந்து ஓடுறது ஒரு வகை. நடுவுல மட்டும் புனல் மாதிரி ஓடி, சுத்தி இருக்கிறது அப்படியே நிற்கிறது இன்னொரு வகை. இந்தப் புனலைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க. கடைசியில தேவைப்படும்.

ஒளியில் தெரிந்த சங்கிலிகள்

யான்சன் எல்லாத்தையும் சராசரியா பார்த்தார். ஒரு அடை, ஒரு அழுத்தம். ஆனா அந்த அடைக்குள்ள ஆயிரக்கணக்கான தனித்தனி மணிகள் இருக்கு. ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியைச் சில புள்ளிகள்ல மட்டும் தொடுது. பாரம் அந்தப் புள்ளிகள் வழியாத்தான் போயாகணும். எந்த வழியா போகுது?

இதை நேர்ல பார்க்க வழி காட்டினது கண்ணாடி. அழுத்தம் பட்ட கண்ணாடி, அது வழியா போற ஒளியோட தன்மையை மாத்தும்னு ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ப்ரூஸ்டர் 1810-களிலேயே கண்டிருந்தார். ரெண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவுல வச்சா, அழுத்தம் இருக்கிற இடம் மட்டும் பளிச்சுன்னு தெரியும். 1950-களில் ஜப்பான்ல வாகாபயாஷி, பிரான்ஸ்ல தாந்து ரெண்டு பேரும் இந்த உத்தியைத் துகள் குவியல் மேல பிரயோகிச்சாங்க.

அமுக்கினப்போ குவியல் முழுக்க ஒரே மாதிரி ஒளிரல. இருட்டான பின்னணியில, மின்னல் கிளை விட்ட மாதிரி சில கோடுகள் மட்டும் எரிஞ்சுது. சில மணிகள் பாரத்தைச் சுமந்து அடுத்ததுக்குக் கொடுத்து, அது அடுத்ததுக்குக் கொடுத்து, ஒரு வரிசை. பக்கத்துலயே இருக்கிற மணி கிட்டத்தட்ட ஒண்ணும் சுமக்கல. இந்த வரிசைகளைத்தான் இன்னைக்கு விசைச் சங்கிலின்னு சொல்றோம். ஹூபர்-பர்னானோட முட்டை ஏன் உடையலைன்னு இப்போ யோசிச்சுப் பாருங்க. முட்டையைச் சுத்தி வளைவு கட்டினது இந்த மாதிரிச் சங்கிலிகள்தான்.

அப்போ மத்த மணிகள் வேஸ்ட்டா? இல்லை. 1998-ல் ஃபர்ஹாங் ராட்ஜாயும் கூட இருந்தவங்களும் கம்ப்யூட்டர் சிமுலேஷன்ல பார்த்தாங்க. பாதிக்கு மேற்பட்ட தொடுபுள்ளிகள்ல சராசரியைவிடக் கம்மியான விசைதான் இருக்கு. ஆனா அந்தப் பலவீனமான தொடுபுள்ளிகள்தான் சங்கிலி மடங்காம பக்கத்துல இருந்து பிடிச்சுக்குது. பந்தல் போடுறதைப் பார்த்திருப்பீங்க. பாரத்தைத் தாங்குறது மூங்கில். கயிறு பெருசா ஒண்ணும் தாங்குற மாதிரி தெரியாது. கயிறை அவிழ்த்துப் பாருங்க, மூங்கில் நிற்காது.

1995-ல் சிகாகோவுல ஒரு குழு ரொம்ப சிம்பிளான ஒண்ணு பண்ணாங்க. கண்ணாடி மணிகளைப் பாத்திரத்துல நிரப்பி, அடியில கார்பன் பேப்பரையும் வெள்ளைப் பேப்பரையும் வச்சு, மேலிருந்து அமுக்கினாங்க. ஒவ்வொரு மணியும் ஒரு கறுப்புப் புள்ளியை விட்டுச்சு. பெரிய புள்ளின்னா பெரிய விசை. அதை எண்ணிப் பார்த்தா, சராசரியைவிட அதிகமான விசை வர்ற வாய்ப்பு அடுக்குக்குறியா, அதாவது எக்ஸ்போனென்ஷியலா குறையுது. கேட்க ஏதோ மாதிரி இருக்கலாம். அர்த்தம் இதுதான்: ஆயிரம் மணியில ஆறேழு மணி, சராசரியைப் போல அஞ்சு மடங்குக்கு மேல சுமக்குது.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் அழகா இருக்கும், டேஷ்போர்டு பச்சையா இருக்கும். ஆனா நூத்துல ஒரு யூசருக்கு ஆப் செத்துக் கிடக்கும். ஒரு குவியல்ல முதல்ல நொறுங்குறது சராசரி மணி இல்லை.

இன்னொரு வினோதம். மணலைக் குவியலா கொட்டினா, தரையில அழுத்தம் எங்கே அதிகமா இருக்கும்? உச்சிக்கு நேர் கீழன்னுதானே சொல்வீங்க? ஒரே புள்ளியிலிருந்து கொட்டின குவியல்ல, உச்சிக்கு நேர் கீழ ஒரு பள்ளம் மாதிரி அழுத்தம் குறையுதுன்னு 1981-ல் அளந்து காட்டினாங்க. அதே குவியலைச் சல்லடை வழியா மழை மாதிரி தூவிக் கட்டினா, அந்தப் பள்ளம் காணாம போயிடுது. வெளியில பார்த்தா ரெண்டும் ஒரே குவியல். உள்ள வேற வேற. எப்படிக் கட்டினாங்கங்கிற ஞாபகம் சங்கிலிகள்ல இருக்கு.

இப்படிப் பழசை ஞாபகம் வச்சிருக்கிற ஒரு பொருளை ஒரே சமன்பாட்டுல அடக்குறது கஷ்டம். அதுக்குத்தான் கோட் வந்துச்சு. 1979-ல் பீட்டர் கண்டலும், மினசோட்டா பல்கலைக்கழகத்துல இருந்த ஓட்டோ ஸ்ட்ராக்கும் ஒரு முறையை வெளியிட்டாங்க. ஒவ்வொரு மணியும் ஒரு ஆப்ஜெக்ட். யார் யாரைத் தொடுறாங்கன்னு பாரு. தொடுற இடத்துல விசை எவ்வளவுன்னு கணக்குப் போடு. ஒவ்வொரு மணியையும் துளியூண்டு நகர்த்து. திரும்ப முதல்ல இருந்து. அவ்வளவுதான் லூப். புரோகிராமுக்கு அவங்க வச்ச பேரு "பால்".

சரியா வேலை செய்யுதான்னு எப்படிச் செக் பண்ணாங்க தெரியுமா? ஏற்கனவே எடுத்திருந்த அந்த மாதிரி ஒளிப்படங்களோட ஒப்பிட்டு. சிமுலேஷன்ல வந்த விசைக் கோடுகள், உண்மையான தட்டுகள்ல ஒளிர்ந்த கோடுகளோட பொருந்துச்சு. இன்னைக்கு மாத்திரை தயாரிக்கிற மெஷின்ல இருந்து நிலச்சரிவு வரைக்கும் இந்த முறையை யூஸ் பண்றாங்க.

சுவராக மாறும் உடம்பு

இப்போ நான் சொன்ன கடைசி இடம்.

ஒரு சைலோவுக்குள்ள கோதுமையோ சோளமோ இருக்கு. ஈரம் பட்டு மேல கட்டி தட்டியிருக்கு, கீழே ஒழுகல. ஒரு தொழிலாளி உள்ளே இறங்கி, கம்பியால குத்தி விடுறார். அடியில மெஷின் ஓடிக்கிட்டிருக்கு. திடீர்னு கட்டி உடையுது, தானியம் ஓட ஆரம்பிக்குது. யெனிகே சொன்ன புனல் ஞாபகம் இருக்கா? அந்தப் புனலுக்கு நடுவுல அவர் நிற்கிறார். சில விநாடியில முழங்கால் வரைக்கும் உள்ளே போயிடும். அதுக்கு மேல அவரால காலைத் தூக்க முடியாது.

ஏன் முடியாது? 1885-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் ஒரு விஷயம் சொன்னார். நெருக்கமா அடுக்கின மணிகள் ஒண்ணை ஒண்ணு தாண்டி நகரணும்னா, முதல்ல விலகணும், மொத்தக் கன அளவு கூடணும். விரிய இடம் கொடுக்காம அமுக்கிப் பிடிச்சா, அது கல் மாதிரி ஆயிடும். வேக்யூம் பேக் பண்ண காபித்தூள் பாக்கெட் செங்கல் மாதிரி இருக்கிறதும், கத்தரி வச்ச நொடியில தளர்ந்து போறதும் இதனாலதான். வீட்டுலயே செஞ்சு பார்க்கலாம். கழுத்து குறுகின ஒரு சொம்புல அரிசியைத் தட்டித் தட்டி நிரப்பி, ஒரு நீளமான கரண்டிக் காம்பை ஆழமா சில தடவை குத்தி, கடைசியா இறக்கித் தூக்குங்க. சொம்பே கரண்டியோட மேல வரும்.

புதைஞ்ச மனுஷர் அந்தக் கரண்டி. அவரைச் சுத்தி இருக்கிற தானியம் அவரை அமுக்குது. அவர் உடம்பு முழுக்க உராய்வு. சைலோவோட சுவர் தாங்குற பாரத்துல ஒரு பங்கை இப்போ அவர் உடம்பும் தாங்குது. யான்சனோட வாதத்துல சுவர்னு வர்ற இடத்துல அவரோட மார்பை வச்சுப் பாருங்க. ஒவ்வொரு தடவை மூச்சை வெளியே விடும்போதும் மார்பு சுருங்கும். அந்த இடத்துல மணிகள் நிரம்பும். அடுத்த மூச்சை இழுக்க இடம் கம்மியா இருக்கும்.

மேல நிற்கிறவங்க பதறிப் போய் கயிறு கட்டி இழுப்பாங்க. மார்பு வரைக்கும் புதைஞ்ச ஒருத்தரை வெளியே இழுக்க, அவர் எடையைவிட மிக அதிகமான விசை வேணும். உடம்பு அதைத் தாங்காது. காப்பாத்தப் போன இன்னொருத்தரும் உள்ளே மாட்டுறது இப்படி நடக்கிற விபத்துகள்ல திரும்பத் திரும்ப வர்ற கதை. தண்ணீர்ல விழுந்தவரைக் காப்பாத்துற புத்தி இங்கே கொல்லும். நாம இந்த எபிசோட் ஆரம்பத்துல பேசின அதே தப்பு: தானியத்தை ஒரு மாதிரித் தண்ணீர்னு நினைக்கிறது.

சரியான முறை, சுவர் எடுத்துக்கிட்ட பாரத்தைத் திரும்ப ஒரு சுவருக்கே கொடுக்கிறது. தகடுகளை ஒண்ணொண்ணா அவரைச் சுத்தி தானியத்துக்குள்ள இறக்கி ஒரு குழாய் மாதிரி பூட்டுவாங்க. வெளியே இருக்கிற தானியத்தோட அமுக்கத்தை இப்போ அந்தத் தகடு தாங்கும். அப்புறம் உள்ளே இருக்கிற தானியத்தை மட்டும் வெளியே எடுத்தா, அவர் தளர்வார். காபி பாக்கெட்ல கத்தரி வச்ச மாதிரி. அமெரிக்காவுல 1987 கடைசியில கொண்டுவந்த தானியக் கையாளல் பாதுகாப்பு விதிகள், உள்ளே இறங்குறதுக்கு முன்னாடி மெஷினை நிறுத்திப் பூட்டணும், இறங்குறவர் பெல்ட்டும் கயிறும் மாட்டணும், வெளியே ஒருத்தர் நின்னு பார்த்துக்கணும்னு சொல்லுது. பர்டியூ பல்கலைக்கழகம் இந்த விபத்துகளைப் பல வருஷமா தொகுத்துக்கிட்டு வருது. அந்தப் பட்டியல் இன்னும் முடியல.

நம்ம நாட்டுலயும் மூட்டை அடுக்குற குடோன்களோட சேர்த்து, இந்திய உணவுக் கழகத்துக்காகப் பெரிய பெரிய ஸ்டீல் சைலோக்கள் எழும்பிக்கிட்டிருக்கு. மூட்டை தூக்கிப் பழகின ஒருத்தருக்கு தானியத்தோட ஒரு குணம் தெரியும். சைலோவுக்குள்ள அதோட இன்னொரு குணம் இருக்கு. மேற்பரப்பு பார்க்க மெத்தை மாதிரி சாதுவா இருக்கும். கீழே எந்தச் சங்கிலி எதைத் தாங்கிக்கிட்டிருக்குன்னு மேலிருந்து தெரியாது. உள்ளே அனுப்புறவருக்கு இது தெரிஞ்சிருக்கணும். முதல்ல அவருக்கு, அப்புறம் இறங்குறவருக்கு.

என் பைப் கதைக்கு ஒரு கிளைமாக்ஸ் பாக்கி இருக்கு. பரிசோதனை முடிஞ்சதும் ரூம்மேட் பைப் கட்டின கயிறை அவிழ்த்தான். அவனுக்கு உள்ளே கால் கிலோதான் இருக்குன்னு ஒரு நினைப்பு. தராசு அப்படித்தானே சொல்லிச்சு? பைப் சரக்குன்னு கீழே இறங்கி தராசு மேல உட்கார்ந்து, அப்படியே சாய்ஞ்சு, கிச்சன் முழுக்க அரிசி. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பெருக்கினோம்.

தராசு பொய் சொல்லல. அதுகிட்ட வந்த எடையை மட்டும் அது சொல்லிச்சு.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, சொம்பு பரிசோதனையைச் செஞ்சு பார்த்து எனக்கு எழுதுங்க. அடியில ஒரு போர்வை விரிச்சுக்குங்க, அனுபவத்துல சொல்றேன். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.